அரைப் பொட்டு

அத்தியாயம் ஐந்து

ஒருவரை எனக்குப் பிடிக்காமல் போக மூன்று நிமிடம் வேண்டும். டாக்டர் சிவபிரசாத் அதில் பாதி நேரத்திலேயே வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார்.

“படிச்சு நேரம் களையண்டாம், ஆனந்தம். அடியில ஒரு கையெழுத்து போட்டாப் போதும்” என்று ஒரு தாளை மேஜைமேல் நகர்த்தினார்.

ஆனந்தம் என்று அவர் கூப்பிட்டது எங்கள் ஆனந்தலட்சுமி அக்காவை. பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே, செல்போன் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவர். நான் எலியா. அந்த ஆபீஸின் உதவியாளன், ஸ்கூட்டர் ஓட்டுநர், சாயா வாங்கி வருகிறவன். சந்தேகப்படுவதும் என் வேலைதான். அதற்கு மட்டும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.

தாளில் ஒரே வரி டைப் அடித்திருந்தது. ‘வியாழக்கிழமை டேப்பில் உள்ள பதிவு உண்மையானது என்று நேரில் பரிசோதித்துச் சான்றளிக்கிறேன்.’

விஷயம் இதுதான். உதியன்குளங்கரையில் இருக்கிற இந்த வேலவிலாசம் மருத்துவமனைக்கு, போன வியாழக்கிழமை காலை பொன்னையன் என்பவர் வந்தார். ஒற்றசேகரமங்கலத்தில் ரப்பர் வெட்டுகிறவர், சர்க்கரை நோயாளி. அவருக்குப் போட வேண்டிய இன்சுலின் நாலு யூனிட். போட்டது நாற்பது. ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பியது. இன்று செவ்வாய்க்கிழமை, இன்னும் திருவனந்தபுரத்தில் தீவிர சிகிச்சையில் கிடக்கிறார். ஊசி போட்ட நர்ஸ் பிரசீதா, டாக்டர் கம்ப்யூட்டரில் நாற்பது என்றுதான் எழுதியிருந்தார் என்கிறாள். கம்ப்யூட்டரில் இருப்பதோ நாலு.

“நேத்து எல்லாரும் பாக்க ஜிஜோ அந்த டேப்பைப் போட்டுக் காட்டியாச்சு” என்றார் டாக்டர். “வியாழன் மத்தியானம் ஒரு மணிக்கு எடுத்த பேக்கப்பாக்கும். புகார், வழக்குன்னு ஒருத்தரும் வாய் திறக்கும் முன்ன எடுத்தது. அதிலயும் நாலுதான். அதுக்கப்புறமும் நர்ஸ் சங்கம் வெளியாள் ஒருத்தர் பாக்கணும்னு நிக்குது. உனக்க அப்பூப்பனும் எனக்க அப்பூப்பனும் ஒரே கச்சேரியில கிளார்க்கா இருந்தவங்க. அதாக்கும் உன்னை விளிச்சது.”

“அந்தத் தாத்தாமாரு ரெண்டு பேரும் கண்ணால பாக்காம எதிலயும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாங்களே” என்றார் அக்கா. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். “பாத்துட்டு வாறேன்.”

“மூணு மணிக்கு நான் போலீஸ்ல புகார் கொடுக்கணும். அதோட அவளுக்க நர்ஸ் பதிவும் போவும். அதுக்குள்ள பாரு.”

மணி அப்போது பதினொன்றரை.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் பிரசீதா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு ஜவுளிக்கடைக் கவர். உள்ளே துவைத்துத் தேய்த்து மடித்த யூனிஃபார்ம். மூன்று மணிக்கு அதையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். வேலையை விட்டுத் துரத்துகிறார்கள், அப்போதும் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள் பார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

“நாப்பதுன்னு கண்டதும் எனக்குப் பேடியாச்சு, சேச்சி” என்றாள். “அந்தப் பயத்துல இன்டர்காம்ல டாக்டரை விளிச்சேன். நாப்பது தன்னெயான்னு கேட்டேன். எழுதினது எழுதினதாக்கும், போய் குத்துன்னு பறஞ்சார். அதை நர்ஸ் குறிப்புல நேரம் போட்டு டைப் பண்ணி வச்சேன். இப்ப அந்தக் குறிப்பும் காணல்ல.”

“நீ கடைசியா எப்ப பாத்தா?” என்று அக்கா கேட்டார்.

“அன்னைக்கு வைகுன்னேரம் ஏழு மணிக்கு, டூட்டி தீர்ந்து போறப்ப. நாப்பது, எனக்க குறிப்பு, ரெண்டும் உண்டு. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. சனிக்கிழமை காலம்பற வந்தா நாலு.”

“ஃபோன்ல ஒரு படம் எடுத்து வைக்கத் தோணல்லியா?” என்றேன் நான்.

“வார்டுல ஃபோன் எடுத்தா மெமோ தருவாங்க.”

மெமோவுக்குப் பயந்தவள் கொலைமுயற்சி வழக்கில் மாட்டப் போகிறாள். ஏழு மணிக்கு அவள் பார்த்தது நாற்பது. அதற்கு ஆறு மணி நேரம் முந்திய டேப்பில் நாலு. ஒன்று இவள் பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் டேப்.

கம்ப்யூட்டர் அறையில் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. ஆளுயர அலமாரியில் சர்வர். அதன் பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, முன்னால் ஒரு வாய். அதுதான் டேப் டிரைவ். எங்கள் அப்பா காலத்துப் பாட்டு கேசட்டைக் கொஞ்சம் தடியாக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி டேப்புகள். ஜிஜோ என்கிற ஒல்லிப் பையன்தான் இதற்கெல்லாம் பொறுப்பு. முப்பது வயதிருக்கும். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இவன்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

“இதை செட் பண்ணினது நீதானா மக்கா?” என்று அக்கா கேட்டார்.

“நான் தன்ன. சர்வரில கனெக்ட் பண்ணினது, சாஃப்ட்வேர் போட்டது, எல்லாம். திங்கள் தொட்டு வெள்ளி வர அஞ்சு டேப். உபரியா ஒண்ணு. அன்னன்னைக்குள்ளதை உள்ள வச்சா ஒரு மணிக்கு தானே ஓடும். தீர்ந்தா டேப்பை வெளிய தள்ளும்.”

“தப்பு வந்தா?”

“தப்பு வந்தாலும் தள்ளும்.”

“ஒருத்தருக்கும் தெரியாதா?”

“முந்தி டாக்டருக்க ஃபோனுக்கு மெசேஜ் போகும். இப்ப அது ஆஃப்.”

நான் அக்காவை இடித்தேன். அக்கா கண்டுகொள்ளவில்லை.

“நீ எதுக்கு ஆஃப் பண்ணினா?”

“சோறு திங்கிற நேரத்துல மெசேஜ் வருதுன்னு சார் சத்தம் போட்டார். வெளிய பறையண்டாம் சேச்சி, என்னை வேலையில இருந்து கழட்டிருவாங்க.”

சர்வர் கதவில் தடித்த பேனாவால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் லீவில் போனால் செய்ய வேண்டியவை என்று தலைப்பு. பேக்கப் எடுக்க இந்தப் பட்டன், பழைய டேப்பை அழிக்க அந்தப் பட்டன் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதியிருந்தான். கடைசி வரியை நான் சத்தமாக வாசித்தேன்.

“டேப் வெளியே வந்தால் வேலை முடிந்தது. மானிட்டரை அணைக்கவும்.”

“தப்பு வந்தாலும் வெளிய வரும்னு இதுல காணல்லியே” என்றார் அக்கா.

“இடமில்ல சேச்சி.”

அக்கா வியாழக்கிழமை டேப்பை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். முதுகில் வெள்ளை லேபிள், அதில் ஜிஜோவின் கையெழுத்து. லேபிளின் வலது ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. பாதிப் பொட்டு. லேபிள் முடிகிற இடத்தில் பொட்டும் கத்தரித்ததுபோல முடிந்துவிட்டது. பக்கத்துப் பிளாஸ்டிக்கில் ஒரு பொடிகூட இல்லை.

“இது ஆரு வச்ச பொட்டு?”

“பூஜைவைப்புக்கு ரெக்கார்டு ரூம் மூர்த்தி சார் ஒரு டேப் கொண்டு போவார். அவர் சாதனம் ஒண்ணுவிடாம பொட்டு வப்பார்.”

பூஜைவைப்பு என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய காரியம். அஷ்டமி சாயங்காலம் தொழில் சாமான்களைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தால், நவமி முழுக்க அங்கேயே இருக்க வேண்டும். தசமி காலையில் பூஜை முடித்து, அரிசியில் விரலால் ‘ஹரிஸ்ரீ’ என்று எழுதிவிட்டுத்தான் எடுப்பார்கள். நான் சர்ச்சுக்குப் போகிற ஆள். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் என்னை மாதிரிப் பூஜைவைப்பை அனுசரித்தவன் கிடையாது. இரண்டு நாள் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று ஒரு தெய்வமே சொல்லும்போது நான் யார் மறுக்க?

இந்த வருஷம் அஷ்டமி வந்தது வியாழக்கிழமை.

“எலே எலியா, நட” என்றார் அக்கா.

ஈஸ்வரமூர்த்தி சார் அரசாங்க ஆபீசில் முப்பத்துமூன்று வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஆபீசில் இருந்துதான், கிளார்க் வேலையில் இருந்தல்ல. இங்கே ரெக்கார்டு அறையில் ஒவ்வொரு குண்டூசிக்கும் அவரிடம் வரிசை எண் உண்டு. பூஜைவைப்புக்கென்றே தனியாக ஒரு ரிஜிஸ்டர் வைத்திருந்தார். நான் அதைப் புரட்டினேன்.

‘ஸ்டெதஸ்கோப் ஒன்று. கத்தரிக்கோல் ஒன்று. அட்மிஷன் புத்தகம் ஒன்று. பேனா நான்கு. டேப், வியாழன், ஒன்று. ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று. கம்ப்யூட்டர் அறைச் சாவி ஒன்று.’

“சாவியையுமா சாமிக்கு வச்சியரு?” என்றேன்.

“ஆபீஸ் அடைச்சாச்சு, பின்னே சாவி என்னத்துக்கு? சாவி வெளிய இருந்தா ஆராவது போய் வேலை செய்வான். நவமிக்கு வேலை செய்யப்பிடாது. வார்டு வேற, ஆபீஸ் வேற.”

“டேப்பை எப்படி வச்சீங்க சார்?” என்று அக்கா கேட்டார்.

அவருக்குச் சந்தோஷமாகிவிட்டது. இப்படி ஒரு கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். “வச்ச சாதனம் திறந்து கிடக்கப்பிடாது, அதாக்கும் எனக்க முறை. பேனாவுக்கு மூடி போடணும். கத்தரிக்கோலை மடக்கணும். புத்தகத்தை நூலு வச்சுக் கட்டணும். டேப்புக்கு ஓரத்துல குட்டியா ஒரு பூட்டுப் படம் உண்டு, பாத்திருக்கியா மோளே? நகத்தால நீக்கினா பூட்டிக்கிடும். நான் பூட்டித்தான் வச்சேன்.”

காலையிலிருந்து அக்கா சிரித்தது அப்போதுதான்.

“தசமியன்னைக்கு திறந்தீங்களா?”

சாரின் முகம் கறுத்தது. “நான் எட்டு மணிக்கு வாறேன். டேப்பைக் காணல்ல. பூஜை கழியல்ல, அரிசியில ஹரிஸ்ரீ எழுதல்ல, அதுக்கு முன்ன ஆரோ எடுத்தாச்சு. பாரு, எடுத்த ஆளுக்க கையெழுத்து இல்ல. ஜிஜோ பயலா இருக்கும்னு விட்டுட்டேன். அவனுக்கு நம்ம முறை தெரியாதில்லா.”

டேப் என்ற வரிக்கு நேரே கட்டம் வெறுமையாக இருந்தது. மற்ற ஆறுக்கும் கையெழுத்து உண்டு.

“இப்ப எத்தனை டேப் உண்டு சார்?”

“ஆறு. திங்களாழ்ச்ச தோறும் நானே எண்ணுவேன். ஒண்ணு குறஞ்சாலும் மேல எழுதுவேன், அது இங்க எல்லாருக்கும் தெரியும்.”

வராந்தாவுக்கு வந்ததும் நான் ஆரம்பித்தேன். “ஜிஜோதான் அக்கா. மெசேஜை ஆஃப் பண்ணினவன் அவன். சாமி முன்னால இருந்து டேப்பை எடுத்தவன் அவன். முகத்தைப் பாத்துப் பேசமாட்டான். இனி என்ன வேணும்?”

“எலே, உனக்க ஸ்கூட்டர்ல பெட்ரோல் முள்ளு கேடில்லியா?”

“கேடுதான். எப்பவும் ஃபுல்லுன்னு காட்டும்.”

“அதை நம்பி நீ எப்பவாவது வழியில நின்னதுண்டா?”

“நான் எதுக்கு நிக்கேன்? எனக்க வண்டி எனக்குத் தெரியாதா? இரவல் வாங்கிட்டுப் போறவன்தான் நடுரோட்டுல நிப்பான்.”

“அதை மனசுல வச்சுக்கோ” என்றார் அக்கா. “வா, சோறு உண்போம்.”

மனசில் வைத்தேன். சோறு முழுக்க அதுவே தொண்டையில் நின்றது. அக்காவுக்கு இந்தப் பழக்கம் உண்டு, பாதியைச் சொல்லிவிட்டு மோர் கேட்பார்.

இரண்டரை மணிக்கு எல்லோரையும் கம்ப்யூட்டர் அறைக்கு வரச்சொன்னார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஈஸ்வரமூர்த்தி சார் ரிஜிஸ்டரோடு வந்தார். பிரசீதா கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

“ஜிஜோ, அந்த உபரி டேப்பை எடு.”

“அது காலி டேப்பாக்கும், சேச்சி.”

“காலி டேப்புல நீ என்னத்தைப் பாக்கப் போறா?” என்றார் டாக்டர். “கையெழுத்து எங்க?”

“போடத்தான் போறேன்.” அக்கா வியாழக்கிழமை டேப்பை இடது கையிலும் லேபிள் இல்லாத டேப்பை வலது கையிலும் எடுத்தார். “மூர்த்தி சார், நீங்க அரைப் பொட்டு வைக்கிற ஆளா?”

“அரைப் பொட்டா? முழுசா வட்டமா வைப்பேன்.”

“இந்த லேபிள்ல பாதிதான் இருக்கு. மீதிப் பாதி பிளாஸ்டிக்குல விழுந்திருக்கணும். அங்க இல்ல.” வலது கை டேப்பைத் திருப்பி, பக்கத்திலிருந்த சின்னச் சின்ன வரிப்பள்ளங்களை விரல் நகத்தால் கீறினார். நகத்தில் சிவப்பு ஒட்டியது. “இங்க இருக்கு. துடைச்சிருக்காங்க, இடுக்குல உள்ளது போகல்ல. லேபிளை இதுல இருந்து உரிச்சு அதுல ஒட்டியாச்சு. சாமிக்கு வச்ச உண்மையான வியாழக்கிழமை டேப் இதாக்கும்.”

டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பயந்த முகமாகவே தெரியவில்லை. “செரி, போட்டுப் பாரு. ஒண்ணும் இருக்காது.”

ஜிஜோ டேப்பை டிரைவின் வாயில் வைத்தான். உள்ளே இழுத்துக்கொண்டது. உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. இரண்டு நிமிடம் இருக்கும். எனக்கு அரை நாள் போனதுபோல இருந்தது. காலியாக இருந்தால் அந்தப் பெண் மூன்று மணிக்குப் போலீஸ் ஜீப்பில் ஏறுவாள், நாங்கள் ஸ்கூட்டரில் ஏறுவோம்.

திரையில் வரிசையாகப் பெயர்கள் வந்தன. வியாழன், மதியம் ஒரு மணி.

“அழியல்லியா?” என்று ஜிஜோ தனக்குள் சொன்னான். பொன்னையன் பெயரைத் திறந்தான். இன்சுலின், நாற்பது யூனிட். அதற்குக் கீழே நர்ஸ் குறிப்பு, எட்டு ஐம்பத்திரண்டு. ‘நாற்பது சரிதானா என்று டாக்டரிடம் இன்டர்காமில் கேட்டேன். சரி, போடச் சொன்னார். பிரசீதா.’

முதலில் பேசியது டாக்டர்தான், அதுவும் எங்களிடம் அல்ல, அந்தக் கறுப்புப் பெட்டியிடம்.

“வெளிய வந்துதே.”

“வரும்” என்றார் அக்கா. “ஜிஜோ அப்படியாக்கும் செட் பண்ணியிருக்கான். வேலை தீர்ந்தாலும் வரும், தப்பு வந்தாலும் வரும். மூர்த்தி சார் பூட்டி வச்ச டேப்புல எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது. நீங்க அழிக்கச் சொன்னீங்க, டிரைவ் முடியாதுன்னு டேப்பை வெளிய தள்ளிச்சு. உங்களுக்கு மெசேஜ் வந்திருக்கும், நீங்கதான் வேண்டாம்னு சொல்லியாச்சு. தாள்ல எழுதியிருந்ததை நம்பி மானிட்டரை அணைச்சுட்டுப் போனீங்க.”

“அவன் செய்திருக்கலாமே” என்று டாக்டர் ஜிஜோவைக் காட்டினார்.

அப்போதுதான் என் தொண்டையில் நின்ற சோறு இறங்கியது. “கேடான முள்ளை வண்டிக்காரன் நம்பமாட்டான் டாக்டரே” என்றேன். “இதை செட் பண்ணினவனுக்கு டேப் வெளிய வந்ததும் திரையைப் பாக்கத் தெரியும். இரவல் வண்டிக்காரன்தான் நடுரோட்டுல நிப்பான்.”

அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு அது போதும்.

“வியாழன் ஏழு மணி வர நாப்பது இருந்தது. சனி காலம்பற நாலு” என்றார். “திருத்தினதும், சர்வருக்க கடிகாரத்தைப் பின்னால தள்ளி வச்சு உபரி டேப்புல வியாழக்கிழமை பேக்கப் உண்டாக்கினதும் வெள்ளிக்கிழமை. அன்னைக்கு இந்த அறைச் சாவி சரஸ்வதி முன்னால கிடக்கு, ரிஜிஸ்டர்ல ஏழாவது வரி. மறு சாவி ஆருக்க கையில, மூர்த்தி சார்?”

ஈஸ்வரமூர்த்தி சார் ரிஜிஸ்டரை மூடினார். “எல்லா அறைக்கும் ஒரு செட் டாக்டருக்க வீட்டுல உண்டு” என்றார். பிறகு டாக்டரை நேராகப் பார்த்தார். “பூஜை கழியும் முன்ன நீங்களா சார் எடுத்தீங்க?”

இத்தனை அயோக்கியத்தனத்தில் அவருக்கு முதலில் உறைத்தது அதுதான். டாக்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“அவசரத்துல ஒரு பூஜ்யம் கூடிப்போச்சு, ஆனந்தம். அவ கேட்டப்ப நான் வேற ஒரு கேசுல இருந்தேன், காதுல வாங்கல்ல.” குரல் தாழ்ந்தது. “அதே டேப்புல திரும்ப எழுதினா பழசு எங்கயாவது பாக்கி நிக்குமோன்னு தோணிச்சு. தூர எறியலாம்னா எண்ணிக்கை குறையும், இவரு எழுதுவாரு. இது வெளிய போகண்டாம். நம்ம குடும்பங்களுக்க பழக்கத்தை நினைச்சுப் பாரு.”

“ஒரு பூஜ்யம் கூடினது தப்பு. யாருக்கும் வரலாம்” என்றார் அக்கா. “அதை இந்தப் பொண்ணு தலையில வச்சீங்களே, அதுக்கு என்ன பேரு?”

கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார். ‘வியாழக்கிழமை டேப்பில் உள்ள பதிவு உண்மையானது என்று நேரில் பரிசோதித்துச் சான்றளிக்கிறேன்.’ டேப்பின் அடியில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதினார். அதற்குக் கீழே தெளிவாகக் கையெழுத்துப் போட்டார்.

“உங்க வாசகத்துல ஒரு தப்பும் இல்ல. இந்தா, நீங்க கேட்ட கையெழுத்து. மூணு மணிக்குப் போலீஸ்ல கொடுக்கணும்னு சொன்னீங்க, சங்கக்காரங்களோட நாங்களே கொண்டு போறோம்.” தாளைப் பிரசீதாவிடம் நீட்டினார்.

அவள் தாளை வாங்கவில்லை. திரையில் இருந்த தன் குறிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷப்படுவாள், அழுவாள், டாக்டரை நாலு வார்த்தை கேட்பாள் என்று நான் காத்திருந்தேன்.

“சேச்சி, பொன்னையன் அண்ணனுக்கு போதம் வந்தோ?”

காலையிலிருந்து நாங்கள் டேப்பைக் கேட்டோம், பொட்டைக் கேட்டோம், சாவியைக் கேட்டோம். அந்த மனிதரைப் பற்றி இந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூர்த்தி சார் ரெக்கார்டு அறையிலிருந்து அட்மிஷன் புத்தகத்தைக் கொண்டுவந்து நம்பரை வாசித்தார். நான் போட்டேன். பொன்னையனின் மகள் எடுத்தாள். சொன்னதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொன்னேன்.

“காலம்பற கண்ணு திறந்தாராம். மத்தியானம் கஞ்சி கேட்டாராம்.”

பிரசீதா அங்கேயே தரையில் உட்கார்ந்து, கவரை முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டு அழுதாள். ஐந்து நாள் அழுகை. தேய்த்து மடித்த யூனிஃபார்ம் மொத்தமும் கசங்கிப் போனது. நாளைக் காலை டூட்டிக்கு அவள் அதை மறுபடியும் தேய்க்க வேண்டும்.